ஆறாவது பாட்டின் பிரேக்டவுன்

பென்னி பொய் சொல்கிறான்.

போன மாதம் வண்டலூர்ப் பக்கம் ஒரு கல்லூரி விழாவில் பேண்ட் போட்டிக்கு நடுவராகப் போன இடத்தில் மைக்கைப் பிடித்துச் சொல்லியிருக்கிறான்: "எங்க ஆல்பம் ஓடாததுக்கு ஒரே ரீசன் ரெக்கார்டிங்தான். சர்ச் பாட்டு எடுக்கிறவர்கிட்ட மெட்டல் ஆல்பத்தைக் குடுத்தோம். நீங்களாவது உஷாரா இருங்க." அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பேண்ட் என்னிடம் ஆல்பம் எடுக்கப் பேசி வைத்திருந்தது. மறுநாள் போன் வந்தது. "சாரிண்ணா, நாங்க வேற ஸ்டூடியோ பாத்துக்கறோம்."

அந்தச் சர்ச் பாட்டு எடுக்கிறவன் நான்தான். பெயர் டேவிட். பம்மலில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். வாசலில் பலகைகூடக் கிடையாது. வேலையைக் கேட்டுவிட்டு ஆட்கள் வருகிறார்கள். அந்த வேலையைக் குறை சொன்னதால் எழுதுகிறேன். இதில் என் தப்பும் ஒன்று இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் இரண்டையும் படிக்க வேண்டும்.

1. எல்லோர் கையிலும் ஒரே சி.டி.

ஆல்பம் எடுக்கப் பென்னி தன் பேண்டோடு முதல் நாள் வந்தபோது ஒரு காப்பி சி.டி.யை மேஜைமேல் வைத்தான். ஏதோ ஒரு அமெரிக்க பேண்டின் ஆல்பம்.

"டேவிட் அண்ணா, எங்களுக்கு எக்ஸாக்டா இந்த சவுண்ட் வேணும்."

"உங்க சவுண்ட் என்னப்பா?"

"இதுதாண்ணா எங்க சவுண்ட்."

அந்த சி.டி. எனக்குப் புதிது இல்லை. அந்த வருடம் தாம்பரத்திலிருந்தும் குரோம்பேட்டையிலிருந்தும் வந்த மூன்று பேண்டுகள் அதையே கொடுத்திருந்தன. இந்த வகை இசைக்கு மெட்டல்கோர் என்று பெயர், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் கத்தல், பிறகு நடுவில் இனிமையாக ஒரு கோரஸ், பிறகு பிரேக்டவுன். பிரேக்டவுன் என்றால் பாட்டு சட்டென்று பாதி வேகத்துக்கு இறங்கி, கிதாரும் காலால் அடிக்கும் கிக் டிரம்மும் ஒன்றாகச் சேர்ந்து இடிக்கும் இடம். கூட்டம் தலையை ஆட்டுவது அங்கேதான். முதலில் இதைச் செய்தவர்களிடம் உயிர் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. நம்மிடம் வந்து சேர்ந்தபோது அது ஒரு அச்சு. எல்லோருக்கும் கிதார் கம்பியைத் தளர்த்தி வைக்கிற டிராப் சி டியூனிங், வேகம் நிமிடத்துக்கு நூற்று நாற்பது அடி, பிரேக்டவுன் பதினாறு பார், அதாவது பதினாறு தாள வட்டம். கம்ப்யூட்டரில் ஒரு டெம்ப்ளேட் செய்து வைத்துக்கொண்டேன். பேண்ட் வந்தால் அதைத் திறப்பேன், பெயரை மட்டும் மாற்றுவேன். எனக்கும் அது சுகமாக இருந்தது.

ஸ்டூடியோவுக்குக் கீழே பாஷா பாய் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். பென்னி கத்த ஆரம்பித்த முதல் நாளே மேலே ஏறி வந்தார்.

"இன்னா டேவிட்டு, உள்ள யாரையாச்சும் போட்டு அடிச்சிகினு கீறாங்களா?"

"பாட்டு பாய்."

"பாட்டா? தொண்ட புண்ணாயிடும், பனங்கல்கண்டு குடு."

நான்காம் நாள் படிக்கட்டில் பார்த்தபோது கேட்டார். "அந்தப் பாட்டு இன்னுமா முடியல?"

"இது நாலாவது பாட்டு பாய்."

"அப்படியா," என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை.

2. துண்டு துண்டாக

அந்த ஆல்பத்தில் ஒரு பாட்டைக்கூட அவர்கள் முழுதாக வாசிக்கவில்லை. நாலு பார் வாசிப்பது, நிறுத்துவது, மறுபடி நாலு பார். விமானம் தலைக்கு மேலே போனால் எப்படியும் நிறுத்த வேண்டும், ஏர்போர்ட் பக்கம் என்பதால் அது பம்மலில் சகஜம். ஆனால் பென்னி விமானம் இல்லாதபோதும் நிறுத்தினான். பாட்டும் கிதாரும் அவன்தான். பிரேக்டவுன்களை எல்லாம் தனியாக வேறொரு நாளில், வேறு ஃபோல்டரில் எடுத்தோம்.

ஒழுங்காக வாசித்தவன் டிரம்மர் நசீர் ஒருவன். மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. ஷிப்ட் முடித்து, குளித்துவிட்டு, குச்சியோடு வந்து நிற்பான். ஆறாவது பாட்டின் பிரேக்டவுனில் அவன் ஒன்று செய்தான். எல்லோரும் இடியை எதிர்பார்க்கும் இடத்தில் இரண்டு பாருக்கு கிக்கை அடியோடு விட்டுவிட்டான். கிதார் மட்டும் தனியாக நிற்கும். கேட்கும்போது மாடிப்படியில் ஒரு படி இல்லாத மாதிரி இருந்தது. மொத்த ஆல்பத்திலும் எனக்குக் காது நிமிர்ந்த இடம் அது ஒன்றுதான்.

"மச்சான், அங்க காலியா கீது. ஃபில் பண்ணு," என்றான் பென்னி.

"காலியாத்தான் இருக்கணும்."

"அந்த சி.டி.ல அப்படி இல்லையே."

"அந்த சி.டி.ல நான் வாசிக்கல இல்ல?"

பென்னி முகத்தைத் திருப்பிக்கொண்டான். டேக் அப்படியே நின்றது.

3. அழித்தவன் நான்

இது என் தப்பு. கிறிஸ்துமஸ் பாட்டு வேலைகள் குவிந்த நேரம். ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிட்டது. "ஆறு கடைசி" என்று ஒரு ஃபோல்டர், "ஆறு கடைசி புதுசு" என்று ஒரு ஃபோல்டர். பழையதை அழிப்பதாக நினைத்துப் புதியதை அழித்தேன். பழையதில் ஒன்றும் இல்லை. அந்தப் பிரேக்டவுனின் கிதாரும் டிரம்மும் போயின. வேறு நாளில் எடுத்த பென்னியின் குரல் மட்டும் மிஞ்சியது.

அப்போதே போன் செய்து சொல்லியிருக்க வேண்டும். செய்யவில்லை. வெட்கம். இரண்டாவது பாட்டின் பிரேக்டவுனை அப்படியே எடுத்து ஆறாவதில் ஒட்டினேன். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அதே டியூனிங், அதே வேகம், அதே பதினாறு பார். பென்னியின் குரல் அதன் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. எங்கேயாவது இடிக்கும், கேட்டதும் கண்டுபிடித்துவிடுவார்கள், அப்போது ஒப்புக்கொண்டு திரும்ப எடுக்கலாம் என்று காத்திருந்தேன்.

மிக்ஸ் முடிந்ததும் காரில் போட்டுக் கேட்பது எங்கள் வழக்கம். ஸ்டூடியோ ஸ்பீக்கர் எதையும் அழகாகக் காட்டும், கார் ஸ்பீக்கர் உண்மையைச் சொல்லும். பென்னியின் அப்பா காரில் பல்லாவரம் வரை போய்த் திரும்பினோம். பென்னி ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே தலையை ஆட்டினான். ஆறாவது பாட்டு வந்தது.

"அண்ணா, இந்த பிரேக்டவுன்தான் ஆல்பத்துலயே பெஸ்ட். என்னா வெயிட் பாருங்க."

"ரெண்டாவது பாட்டுல வர்றது?" என்று கேட்டேன்.

"அது கொஞ்சம் வீக்தாண்ணா. அப்ப எங்களுக்கு அவ்வளவு மெச்சூரிட்டி இல்ல."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பின்சீட்டில் நசீர் ஸ்பீக்கர் பக்கம் குனிந்து காதைக் கொடுத்தான்.

மற்றவர்கள் போன பிறகு நசீர் திரும்ப மாடியேறி வந்தான்.

"அண்ணா, ஆறாவதுல நான் வாசிச்சது எங்க?"

சொன்னேன். முழுதாகச் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன்.

"ரெண்டாவதுல ஒரு இடத்துல என் குச்சி ஸ்னேர் ரிம்ல பட்டுடுச்சு. டிக்னு ஒரு சத்தம். ஆறாவதுலயும் அதே டிக் வருது. அதான் புடிச்சேன்."

"நாளைக்கே வா, திரும்ப எடுத்துடலாம். பென்னிகிட்ட நானே சொல்றேன்."

"அவன் வாசிச்சதே அவனுக்குத் தெரியலண்ணா. நான் திரும்ப வாசிச்சா மட்டும் தெரியப்போவுதா?"

அந்த வாரமே பேண்டை விட்டு விலகினான். பென்னியிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். போன வாரம் அவனிடம் கேட்டேன். "இப்ப எழுதுங்கண்ணா," என்றான்.

4. மேடையில்

புது டிரம்மர் சி.டி.யைக் கேட்டுத்தான் பாட்டுகளைப் பழகினான். ஆல்பம் வெளியீட்டுக்கு சேலையூரில் ஒரு சின்ன ஹாலில் வாசித்தார்கள். நான் பின்னால் நின்றேன். ஆறாவது பாட்டு வந்தது. பென்னி தன் கையாலேயே இரண்டாவது பாட்டின் பிரேக்டவுனை வாசித்தான். தான் எழுதியதை அவன் மறந்தான் என்றுகூடச் சொல்ல முடியாது. மறக்கிற அளவுக்கு இரண்டு பிரேக்டவுனுக்கும் நடுவில் எந்த வித்தியாசமும் இல்லை. கூட்டமும் இரண்டு பாட்டுக்கும் ஒரே மாதிரி தலையாட்டியது.

ரெக்கார்டிங் மோசமாம். இரண்டாவது பாட்டிலும் ஆறாவது பாட்டிலும் ஒரு குச்சி டிரம் விளிம்பில் பட்ட சத்தம் இன்றைக்கும் தனியாகக் கேட்கிறது. அவ்வளவு தெளிவாகத்தான் நான் எடுத்திருக்கிறேன். உள்ளே என்ன இருந்ததோ அதுதான் வெளியே வந்தது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். டேக் அழிந்துவிட்டால் அந்த நிமிடமே வாசித்தவனுக்குச் சொல்லிவிடுங்கள். நான் பென்னிக்குக் கடன்படவில்லை, நசீருக்குப் பட்டிருக்கிறேன். அந்த இரண்டு பார் மௌனம் இனி யாருக்கும் கேட்காது. அந்த டெம்ப்ளேட்டை அழித்துவிட்டேன், இந்த முறை தெரிந்தே. இப்போது ஒரு பேண்ட் வந்து சி.டி.யை நீட்டினால் பைக்குள் வைக்கச் சொல்கிறேன். முதலில் ஒரு பாட்டை நிறுத்தாமல் முழுதாக வாசிக்கச் சொல்கிறேன். சிலர் திரும்பிப் போகிறார்கள். போகட்டும்.

பென்னி, அதே கல்லூரிக்கு அடுத்த வருடமும் உன்னை நடுவராகக் கூப்பிட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். போ. அதே மைக்கை எடு. இரண்டாவது பாட்டையும் ஆறாவது பாட்டையும் அடுத்தடுத்துப் போடு. அந்த டிக் சத்தம் இரண்டு தடவையும் வரும். வந்ததும் நிறுத்திவிட்டு, ஆறாவது பாட்டுக்கு நீ முதலில் என்ன வாசித்தாய் என்று அந்தப் பிள்ளைகள் முன்னால் கிதாரில் வாசித்துக் காட்டு. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று மைக்கில் சொல்.