ஆறு விரல் ஆளின் பெயர்

கும்பகோணத்தில் ஆங்கில ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்துகொடுக்கும் அம்சவல்லிக்கு, அந்த மாசி மாதம் முழுக்க ஒரே சொல்தான் விரல்நுனியில் வந்து விழுந்தது: லொரெத்தியன். கல்லூரி விரிவுரையாளர் நாகநாதனின் ஆய்வேட்டில் அது இல்லாத பக்கமே இல்லை.

"யாரு சார் இந்த ஆளு?" என்று ஒருநாள் கேட்டாள்.

"லொரெத்தின்னு ஐரோப்பாவுல ஒரு அரசியல் சிந்தனையாளர். அவரு குடும்பப் பேரையே இங்கிலீஷ்ல ஒரு சொல்லா ஆக்கிட்டாங்க. அவரு மாதிரி யோசிச்சா அது லொரெத்தியன்."

"நம்ம பக்கம் செத்தா இனிஷியல்கூட மிஞ்சறதில்ல."

நாகநாதன் சிரித்தார். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் வீ. அம்சவல்லியாக இருந்தவள், செல்லதுரையைக் கட்டிக்கொண்டபின் செ. அம்சவல்லி. அப்பாவிடமிருந்து வந்த ஒற்றை எழுத்தும் போயிற்று. முகமும் நினைவில்லை. கழக ஆட்சி வந்த புதிதில், பேராவூரணியிலிருந்து வலங்கைமான் பக்கம் அறுவடைக்குப் போனவர் திரும்பவில்லை. காய்ச்சல் என்றுதான் அம்மா சொன்னாள். அம்மாவும் போனபின் மாமா பார்த்து முடித்த சம்பந்தம் அதே வலங்கைமான் பக்கம் அமைந்தது.

நான்காம் இயலில் செல்லதுரையின் ஊர் வந்தது. கூலி நெல் கூட்டிக் கேட்டு ஊர் ஆட்கள் அறுக்க மறுத்தது, மிராசுதார் லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது, வயலில் அடிதடி. வெளியூர் ஆள் ஒருவர் வரப்போரம் அடிபட்டுச் செத்தார். பெயர் தெரியவில்லை, இடது கையில் ஆறு விரல். அடுத்த வரி, இது ஒரு லொரெத்தியன் தருணம்.

அம்சவல்லியின் கை நின்றுவிட்டது. "ஒங்கப்பா தூக்குனா அந்த ஆறாவது வெரலத்தான் புடிச்சுக்குவ" என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

"பேரு எப்படி சார் தெரியாமப் போச்சு?"

"கூட வந்தவங்க ஓடிட்டாங்க. பொணத்தப் பாக்க சம்சாரம் வந்திருக்கு. போலீஸ் கேட்டா, புருஷன் பேர வாயால சொல்லுமா? 'எம் புள்ளையோட அப்பா'ன்னுச்சாம். அடையாளத்துக்கு வெரலக் காட்டுச்சாம். அதையே எழுதிக்கிட்டாங்க."

அன்றிலிருந்து அவள் முதுகுக்குப் பின்னால் யாரோ நின்றார்கள். ஈர வைக்கோல் வாசம் வரும். திரும்பினால் சுவர். லொரெத்தியன் என்று அடிக்கும்போதெல்லாம், யாரோ தன்னைத்தான் கூப்பிட்டதுபோல் அது ஓரடி முன்னால் வரும். தன் பெயர் இல்லை என்று தெரிந்து நின்றுவிடும்.

வீட்டில் வாய் திறக்க முடியாது. அந்த அடிதடியில் முதல் கம்பைத் தூக்கியவர் செல்லதுரையின் பெரியப்பா. கருங்காலிகளை விரட்டிய கதையை அந்த வீட்டில் சோறு போடும்போதே சொல்வார்கள். கருங்காலியின் மகள்தான் சோறு போடுகிறாள் என்று தெரிந்தால்?

கடைசிப் பக்கத்தை வாங்க நாகநாதன் வந்த சாயங்காலம் அவளால் அடக்க முடியவில்லை.

"சார், அந்த ஆறு விரல் ஆளுக்குப் பேரு இருக்கு."

"பேரப் போட்டா, சொன்னது யாருன்னும் அடிக்குறிப்புல போடணும்மா. இல்லாட்டி ஏத்துக்க மாட்டாங்க."

"லொரெத்திக்கு யாரு சார் சாட்சி?"

"அவருக்கு எதுக்கு? ஒலகத்துக்கே தெரியுமே."

அவளை அழைத்துப்போக வந்த செல்லதுரை, சைக்கிளோடு வாசலில் நின்றிருந்தான். அவள் அவனைப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் வைக்கோல் வாசம் நெருங்கியது.

"வீரையன்" என்றாள். "சொன்னது அவரு மக அம்சவல்லின்னு போடுங்க."

நாகநாதன் பேனாவைத் திறந்தார். பக்கத்தின் அடியில் ஒரு கோடு இழுத்தார். பிறகு எழுதினார்.

செல்லதுரை சைக்கிளில் ஏறவில்லை. உருட்டிக்கொண்டே நடந்தான். அரசலாற்றுப் பாலத்தில் ஏறும்போது சொன்னான்.

"பெரியப்பா சாகக் கெடந்தப்ப யார்கிட்டயோ பேசிக்கிட்டே இருந்தாரு. 'தண்ணி கேட்டான்டா, தண்ணி கேட்டான்டா'ன்னு. யாரு பெரியப்பான்னா, பேரு தெரியலியேன்னு அழுவாரு."

"குடுத்தாராமா?"

"அத மட்டும் சொல்லல."

பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனபின் அவனே சொன்னான்.

"கூடத்துல பெரியப்பா படம் மாட்டியிருக்கு. அத என்ன செய்யுறதுன்னுதான் தெரியல."