மணிக்கட்டில் பூசிய ஃபவுண்டேஷன்

மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷனிஸ்டாக இருக்கிறேன். மணிக்கட்டில் இருக்கும் மயிலிறகு டாட்டூவை ஃபவுண்டேஷன் பூசி மறைத்துத்தான் இந்த வேலையில் சேர்ந்தேன். ஆறு வருடமாகத் தினமும் பூசுகிறேன்.

போன கோடையில் புது ஆள் எடுத்தபோது மேனேஜர் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்தார். மதுராந்தகத்திலிருந்து வந்த ஒரு பெண் பளிச்சென்று பதில் சொன்னாள். முன்கையில் இறந்துபோன அப்பாவின் பெயரைப் பச்சை குத்தியிருந்தாள். அதை மறைக்கவில்லை.

"நீ இன்னாம்மா சொல்ற?" என்று மேனேஜர் என்னைக் கேட்டார்.

"டாட்டூ கீதே சார். கெஸ்ட்டுங்க மூஞ்ச சுளிப்பாங்க" என்று அவள் எதிரிலேயே சொன்னேன். வேறு மாதிரி பேசினால் என் கையைக் கவனித்துவிடுவார்களோ என்று பயம்.

மேனேஜர் தலையாட்டிவிட்டு, போன் வந்ததால் ஜன்னல் பக்கம் போனார். அவள் ஃபைலை நான் திருப்பிக் கொடுத்தேன். கரண்ட் இல்லாத புழுக்கத்தில் என் கை வியர்த்திருந்தது. வெள்ளை அட்டையில் ஃபவுண்டேஷன் பழுப்பாக ஒட்டிக்கொண்டது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தாள். துப்பட்டாவால் அட்டையைத் துடைத்துக்கொண்டே மெல்லச் சொன்னாள்:

"அக்கா, வேர்த்துக் கலைஞ்சிகினு கீது. சார் பாக்கறதுக்குள்ள மூடிக்கோங்க."

அப்போதாவது நான் மேனேஜரைக் கூப்பிட்டு, சொன்னதை மாற்றியிருக்கலாம். கைக்குட்டையை எடுத்து மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன். அவள் போய்விட்டாள்.

இன்று காலையும் பூசிக்கொண்டுதான் வேலைக்கு வந்தேன்.