பினாங்கில் இருந்த கட்டைவிரல்

பினாங்கில் வேலை பார்க்கும் மகள் இரண்டு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இந்தக் கோடை லீவுக்கு எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் அவளே டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டாள். வெளிநாட்டுக் கடலைப் பார்க்கும் ஆசை எனக்கும் இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

கிளம்பும்போது ஒன்றுதான் உறுத்தியது. தஞ்சாவூரை அடுத்த எங்கள் ஊரில் அப்பா எனக்கு விட்டுப்போன மூன்று ஏக்கரை ஒருவர் குத்தகைக்குச் செய்கிறார். அவருடைய அப்பா எங்கள் வயலில் கூலிக்கு நின்றவர். நான் இவரை அண்ணே என்பேன், இவர் என்னை டீச்சர் என்பார். குத்தகை எல்லாம் வாய்வார்த்தைதான். எழுதிக் கொடுத்தால் நிலம் கையை விட்டுப் போய்விடும் என்று அப்பா சொன்னார். என் வீட்டுக்காரரும் அதையே சொல்கிறார். நானும் தலையாட்டிக்கொண்டேன். பட்டா, அடங்கல் எல்லாம் என் பெயரில் இருப்பதால், அவர் விளைவித்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட என் கட்டைவிரல் வேண்டும். அங்கிருக்கும் மெஷினில் நான் ரேகை வைத்தால்தான் நெல்லை எடை போடுவார்கள்.

ஒவ்வொரு போகமும் பள்ளிக்கூட வாசலுக்கு வண்டியில் வந்து அழைத்துப்போவார். சாக்பீஸ் பிடித்துத் தேய்ந்த விரலை மெஷின் லேசில் ஏற்காது. சேலையில் துடைத்துத் துடைத்து நாலைந்து தடவை வைப்பேன். "டீச்சருக்கே ரேகை இல்லையா!" என்று வரிசையில் நிற்பவர்கள் கேலி செய்வார்கள்.

இந்தத் தடவை கோடை நெல்லை அறுத்து நிலையத்து வாசலில் கொட்டியிருந்தார்.

"நீங்க போயிட்டு வாங்க டீச்சர். நமக்கு முன்னாடி ஏகப்பட்ட பேரு நிக்கிறாங்க. நம்ம முறை வர்றதுக்குள்ள நீங்க வந்துடுவீங்க" என்றார். நானும் நிம்மதியாகப் பெட்டியைக் கட்டினேன்.

முதல் மூன்று நாள் கால் வலிக்கச் சுற்றினோம். கடல் தண்ணீருக்குள் கட்டை நட்டு அதன் மேல் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். பழைய தெருவில் நம்மூர் மளிகைக்கடை வாசனையே வந்தது. நாலாம் நாள் அக்கரைக்குப் போகும் படகில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"டீச்சர், முறை வந்துடுச்சு. மழை வரும்னு வேகவேகமா எடுக்குறாங்க. நாளைக்குக் காலையில நீங்க கை வைக்கணுமாம்."

"ஐயய்யோ, அதுக்குள்ளயா? லெட்டர் எழுதி போன்ல அனுப்பவா அண்ணே? வீடியோவுல வந்து நான் சொல்லவா?"

"எல்லாம் கேட்டுட்டேன் டீச்சர். கைதான் வேணுமாம்."

மகள் அங்கேயே போனைத் தட்டிப் பார்த்தாள். "லீவு சீசன்மா. ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி எதுலயும் சீட்டே இல்ல" என்றாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. என் வீட்டுக்காரர் கடலைப் பார்த்தபடி, "வேற யாராச்சும் வைக்கக்கூடாதாமா?" என்று கேட்டார். எனக்கு வந்ததே ஆத்திரம். "எழுதிக் குடுத்திருந்தா அவரே வச்சிருப்பாரு!" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தலையாட்டியவள் நான்தான், வீட்டுக்காரரிடம் மட்டும் கத்தி என்ன பிரயோஜனம்?

மறுநாள் எங்கள் முறை அடுத்தவருக்குப் போனது. அன்று சாயங்காலமே ஊரில் மழை பிடித்துக்கொண்டது, விடவே இல்லை. வெள்ளிக்கிழமை பினாங்கில் வெயில் பளீரென்று அடித்தது. ரயிலில் மலை மேல் கூட்டிப்போனாள் மகள். கீழே நகரம், பாலம், கடல் எல்லாம் தெரிந்தது. நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது கூப்பிட்டாலும், "படுதா போட்டிருக்கேன் டீச்சர், நீங்க நல்லா சுத்திப் பாருங்க" என்றே சொன்னவர், அன்றைக்கு மட்டும், "அடியில தண்ணி ஏறிடுச்சு டீச்சர்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அந்த விரலை வெட்டி அனுப்ப முடிந்தால் அனுப்பியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் வந்து, திங்கட்கிழமை விடிந்ததும் வீட்டுக்காரரின் வண்டியில் நிலையத்துக்கு ஓடினேன். அவர் குவியலைக் கிளறிக் காய வைத்துக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் முளைவிட்டிருந்தது. அதை எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். தீனிக்கு எடுத்துக்கொள்வார்களா என்று வாத்து மேய்ப்பவர்களிடம் கேட்டிருப்பதாகச் சொன்னார். நடுவில் தேறியதை மட்டும் எடை போடக் கூப்பிட்டார்கள்.

மெஷினில் விரலை வைத்தேன். லீவு முழுக்க சாக்பீஸ் தொடாத விரல். முதல் தடவையே எடுத்துக்கொண்டது.

வெளியே வந்ததும், "ஊரு எப்படி டீச்சர், நல்லா இருந்துச்சா?" என்றார். குத்தல் ஏதும் இல்லை, நிஜமாகவே கேட்டார். அடுத்த போகத்துக்குள் குத்தகையை உங்கள் பெயருக்கு எழுதிவிடலாம் அண்ணே என்று சொல்ல வாயெடுத்தேன். வண்டியில் காத்திருந்த என் வீட்டுக்காரர் ஹாரன் அடித்தார்.

"நல்லா இருந்துச்சுண்ணே" என்றேன்.