ஆரணியாற்றைத் தாண்டிப் போகிறவர்கள்

திருப்பதியிலிருந்து ஊத்துக்கோட்டை போகும் பேருந்து பிச்சாட்டூரில் நிற்கிறது. சாக்கில் சுற்றிய பம்புசெட் மோட்டாரோடு ஒருவர் படியில் திணறுகிறார். நான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்குகிறேன். முனிரத்தினம் என்று பெயர் சொல்லி, மோட்டாரைக் காலடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்காருகிறார். அவர் மனைவி பாத்திர மூட்டையோடு முன் இருக்கையில் இருக்கிறார்.

நாகலாபுரம் தாண்டியதும் சன்னலோரம் ஆரணியாறு வருகிறது. கார்வேட்டிநகரத்து மலைகளில் பிறந்து, பழவேற்காடு ஏரியின் உப்புத் தண்ணீரில் நல்ல தண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆறு. இப்போது மணல் அள்ளிய பள்ளங்களும் லாரித் தடங்களும்தான் தெரிகின்றன.

"தண்ணியே வர்றதில்லையா?" என்று கேட்கிறேன்.

"மழை பேஞ்சா வரும் சார். மணலு இருந்தப்போ தண்ணிய புடிச்சி வெச்சிக்கினு இருந்துச்சி, எங்க கெணறும் ஊறும். இப்போ வந்த தண்ணி நிக்காம ஏரிக்குப் பூடுது. கெணத்துல சேறு கூட இல்ல. அதான் மோட்டார கழட்டி வித்துட்டேன். ஊத்துக்கோட்டைல குடுத்துட்டு அப்படியே மெட்ராசு போறோம்."

"அங்கே என்ன வேலை?"

"மவன் ஒரு அபார்ட்மெண்ட்ல பாத்து வெச்சிக்கீறான். புல்லுக்குத் தண்ணி உடணுமாம்."

முன் இருக்கையிலிருந்து அவர் மனைவி திரும்பாமலே கேட்கிறார்: "அதுக்குத் தண்ணி எங்கேர்ந்து வருதாம்?"

"லாரில வருதாம்," என்கிறார் முனிரத்தினம்.

அந்த அம்மா சன்னல் வழியே மணலில் பதிந்த லாரித் தடங்களைப் பார்க்கிறார்.