யார் ஆபீசுக்குப் பக்கத்தில் வீடு

ஹைதராபாத்தில் நாங்கள் முதலில் குடியிருந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தது என் கணவருடைய பைக் மீட்டர்தான். எனக்கு மல்காஜ்கிரியில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவருக்கு மாதாப்பூரில் சாஃப்ட்வேர் கம்பெனி. ஊரின் இந்தக் கோடியும் அந்தக் கோடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும், என்னைப் பின்னால் உட்காரவைத்து, மருத்துவமனை வாசலிலிருந்து அவருடைய ஆபீஸ் வாசல்வரை ஓட்டினார். மொத்தத் தூரத்தைப் பார்த்துக்கொண்டார். திரும்பும்போது மீட்டர் சரிபாதியைக் காட்டிய இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, "இங்க பாப்போம்" என்றார். அது அமீர்பேட்டை.

எதையும் பப்பாதியாகப் பிரிப்பது கல்யாணமான நாளிலிருந்தே எங்களுக்கு ஒரு பிடிவாதம். பாளையங்கோட்டையில் எங்கள் இரண்டு வீட்டாரும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஒரு நாள் தோசை அவர் சுட்டால் மறுநாள் நான். துணி துவைப்பதும் அப்படியே. ஆகவே ரோட்டையும் பாதியாகப் பிரித்தது எங்களுக்கு நியாயமாகவே பட்டது. ஞாயிற்றுக்கிழமை ரோடு காலியாகக் கிடந்தது என்பது திங்கட்கிழமைதான் உறைத்தது. மகளுக்கு அப்போது ஒரு வயது முடிந்திருந்தது. அடுத்த தெருவிலேயே, பகலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு க்ரெஷ் இருந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று நிம்மதிப்பட்டோம். அவள் அங்கே இருக்கிற நேரத்தில் வீட்டில் யார் இருக்கப்போகிறார்கள் என்று யோசிக்கவில்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள் முற்பகலில் க்ரெஷிலிருந்து எனக்கு போன் வந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டே போகிறது, கண் சொருகுகிறது, உடனே வாருங்கள் என்றார்கள். என் கையில் கையுறை. மிஷினில் ஒரு வரிசை சாம்பிள்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஐ.சி.யூ.விலிருந்து வந்த ரத்தம் அடுத்துக் காத்திருந்தது. எங்கள் கூடத்தில் ஒரு முறை உண்டு. மாற்றிவிட ஆள் வந்து பொறுப்பேற்றுக்கொள்ளாமல் யாரும் மேசையைவிட்டு நகரக் கூடாது. அது நல்ல முறைதான். அந்த ரத்தமும் யாரோ ஒருவருடைய பிள்ளையுடையது. அன்றைக்கென்று என்னோடு வேலை செய்யும் பெண் லீவு. கணவருக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அப்படியே எழுந்து கிளம்பிவிட்டார். மாதாப்பூரிலிருந்து, அவ்வளவு நெரிசலிலும், க்ரெஷுக்குப் போய்ச் சேர்ந்து குழந்தையை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார். ஊசி போட்டுக் காய்ச்சல் இறங்கிய பிறகுதான் என்னால் மேசையைவிட்டு எழ முடிந்தது.

மறுநாள் லீவு முடிந்து வந்து இதைக் கேட்ட அந்தப் பெண் என்னை விடவில்லை. அவளும் தமிழ்தான். செகந்திராபாதிலேயே பிறந்து வளர்ந்த கிறிஸ்தவக் குடும்பம். அவள் பேசுகிற தமிழ் எனக்குப் பழக ஆறு மாதம் ஆனது. ஊர் உருது கலந்து, ஏன் என்பதற்குக் 'கைக்கு' என்பாள், வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஆமாம் என்பதற்கு 'ஹவ்'.

"கைக்கு நடுவுல போய் உக்காந்த நீ? உனக்கும் தூரம், அவருக்கும் தூரம், பாப்பாக்கு ரெண்டு பேருமே தூரம். நக்கோமா. எங்க லோத்குண்டாக்கு வா. மேல் போர்ஷன் காலியா இருக்கு. கீழ எங்க அண்ணியே க்ரெஷ் நடத்துது."

அந்தச் சனிக்கிழமையே போய்ப் பார்த்தோம். ராணுவ நிலத்தை ஒட்டிய தெரு. மரங்கள், சத்தமில்லாத ரோடு, காற்றோட்டமான இரண்டு அறைகள். அண்ணி என் மகளைத் தூக்கிக்கொண்டு போய் முயல் காட்டினார். அழாமல் போனாள். என் மருத்துவமனை அங்கிருந்து ஒரு ஆட்டோ தூரம்தான். அலைச்சல் முழுக்க அவருக்கு. அவர் முகத்தைப் பார்த்தேன். "ஒனக்குப் பிடிச்சிருந்தா சரி, நான் கம்பெனி பஸ்ல தூங்கிட்டே போயிருவேன்" என்றார். ஊரிலிருந்து அத்தையும் போனில், குழந்தை தாய்க்குப் பக்கத்தில் இருப்பதுதான் முறை, மகன் கொஞ்சம் அலைந்தால் அலையட்டும் என்று சொல்லிவிட்டார்கள். மருமகளுக்காக ஒரு மாமியார் அவ்வளவு விட்டுக்கொடுப்பதே பெரிது. நானும் சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

ஏனோ ஒரு வாரம் தவணை கேட்டேன். அந்த வாரம் முழுவதும் வேலை செய்துகொண்டே ஒன்றைக் கவனித்தேன். இந்த நிமிடம் போன் வந்தால் என்னால் எழ முடியுமா? காலையில் வெறும் வயிற்று சாம்பிள்கள் வரும் நேரம், முடியாது. பத்து மணிக்கு மேல் வார்டு சாம்பிள்கள், முடியாது. மதியம் ரிப்போர்ட்டுகளைச் சரிபார்க்கும் நேரம், அப்போதும் முடியாது. வீடு மாடிப்படிக்குக் கீழேயே இருந்தாலும் முடியாது. அன்று என்னை நிறுத்தியது ரோடு இல்லை, மேசை.

அவருடைய வேலையோ வேறு மாதிரி. அமெரிக்காக்காரர்கள் விழித்த பிறகுதான் அவருக்கு உண்மையான வேலை தொடங்கும். பகலில் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் வெளியே போனால் யாரும் கேட்கப்போவதில்லை. சாயங்காலம் அவரை அசைக்க முடியாது. ஆனால் காலை ஷிப்ட் முடித்து அதற்குள் நான் வீட்டில் இருப்பேன்.

இது எனக்கு விளங்கிய பிறகும் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. பிள்ளையைவிட்டுத் தூரப் போகிறேன் என்று நானே கேட்பதா? நாளைக்கு அவள் என்னிடம் ஒட்டாமல் போனால்? வேலையை விட்டுவிடுவது எளிதல்லவா? படித்த படிப்பு, கிடைத்த வேலை, எல்லாவற்றையும் திரும்பத் திரும்ப நிறுத்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது சொன்னேன்.

"வீடு மாதாப்பூர்லயே பாருங்க. ஒங்க ஆபீஸ் பக்கத்துல. க்ரெஷும் அங்கயே."

"நீ அலையணுமே."

"அலையுதேன். அவளுக்கு ஒண்ணுன்னா நீங்க ஓடலாம். என்னால எந்திரிக்க முடியாது."

எனக்கு இன்னும் கொஞ்சம் சாதம் பரிமாறினார். பிறகு, "அப்போ இதுல பப்பாதி கெடையாதா?" என்றார். கிடையாது என்றேன்.

லோத்குண்டா வீடு வேண்டாம் என்று சொன்னதில் என்னோடு வேலை செய்யும் பெண்ணுக்கு வருத்தம். நாலு நாள் "ஹவ், ஹவ், ஹைடெக் ஆளுங்க" என்று குத்திக்கொண்டிருந்தாள். அத்தைக்குக் கோபமே வந்துவிட்டது.

"பெத்தவ தூரத்துலயும் பெத்தவன் பக்கத்துலயுமா? இது எந்த ஊரு நியாயம்ட்டி?"

எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. "எங்க வீட்டுக்கு இதுதான் சரியா வரும், அத்தை" என்று மட்டும் சொன்னேன். மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள்.

மாதாப்பூரில் ஒரு அபார்ட்மெண்டில் மூன்றாவது மாடி கிடைத்தது. சுற்றிலும் புதுக் கட்டடங்களின் சிமெண்ட் தூசி. விடிவதற்குள் கிளம்பி, லோக்கல் ரயிலில் செகந்திராபாத், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. கிளம்பும்போது மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். எழுப்பிவிட்டுப் போகலாமா வேண்டாமா என்று தினமும் கதவருகில் நின்று யோசிப்பேன். பிறகு சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு இறங்குவேன். அவளைக் குளிப்பாட்டி, இட்லி ஊட்டி, க்ரெஷில் விடுவது அவர். க்ரெஷ் வாசலில் மற்ற தாய்மார் அவரை விநோதமாகப் பார்ப்பார்களாம். அதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்வார்.

நான் பயந்துகொண்டிருந்த போன் சில மாதம் கழித்து வந்தது. மகள் சறுக்கு மரத்திலிருந்து விழுந்து தாடை கிழிந்துவிட்டது. இந்த முறை போன் செய்தது க்ரெஷ் இல்லை, அவர். டாக்டர் அறையிலிருந்தே பேசினார். தன் மடியில்தான் உட்கார்ந்திருக்கிறாள், தையல் போட்டாகிவிட்டது, இப்போது அழவில்லை என்றார். போனை வைத்துவிட்டு அடுத்த சாம்பிளை எடுத்தேன். பெயரையும் நம்பரையும் ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்தேன். மாற்றிவிட ஆள் வந்ததும் ஓடினேன்.

வீட்டுக்குள் நுழைந்து கையை நீட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். தாடையில் பெரிய பிளாஸ்திரி. அப்பாவின் கழுத்தை இன்னும் இறுக்கிக்கொண்டு, "நான்னா" என்று க்ரெஷில் பழகிய தெலுங்கில் அப்பாவையே கூப்பிட்டு, முகத்தை அவர் தோளில் புதைத்துக்கொண்டாள். வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அவர் சங்கடப்பட்டு அவளை என்னிடம் தரப் பார்த்தார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். தயிர்சாதம் பிசைந்து எடுத்து வந்து, அவர் மடியில் அவள் இருந்தபடியே ஊட்டினேன். வாயை அகலத் திறக்க முடியாததால் சிறு சிறு கவளமாக வாங்கிக்கொண்டாள். நாலைந்து கவளத்துக்குப் பிறகு அவளுடைய கால் ஒன்று என் மடிக்கு வந்தது.

நாளைக்கு லீவு போடேன் என்றார் அவர். போடலாமா என்று ஒரு கணம் தடுமாறினேன். அவருக்கு நாளை பகலில் முக்கியமாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்.

"அப்போ நீங்க இருங்க. நான் போய்ட்டு வாரேன்."

மறுநாளும் விடியும் முன் ரயிலில் இருந்தேன்.