சூடத்துக்கு முன்னால் நிவேந்திரன்

தோட்டத்துக் கோவில் தலைவர் வீரமுத்து கடைக்கு வந்து, நிவேந்திரனுக்கு ஒரு பெரிய படம் வேண்டும் என்றபோது மோகனா தலை நிமிரவில்லை. கோலா சுங்கை பாருவில் பேனர் அடிக்கும் கடையில் படம் வரைபவள் அவள். கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று எல்லார் முகத்தையும் திருத்தி அழகாக்குவாள். நிவேந்திரன் முகம் அவளுக்குப் பன்னிரண்டு வருட மனப்பாடம்.

கோலாலம்பூரில் ஒரு கிளப்புக்குச் சம்பளத்துக்குக் கூடைப்பந்து ஆடுகிறவன் அவன். தோட்டத்தில் சனிக்கிழமை காலை பாராட்டு விழா. போட்டோ மாதிரி வேண்டாம், கற்பனையாக இருக்கட்டும், பார்த்தவன் மிரள வேண்டும் என்றார் வீரமுத்து.

“மிரள வச்சிருவோம் மாமா,” என்றாள்.

அவள் அண்ணன் கிஷனும் நிவேந்திரனும் ஒரே அணியில் ஆடியவர்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கிளப்புக்காரர்கள் ஆள் எடுக்க மலாக்கா வந்தபோது இருந்தது ஒரே இடம். காலை பத்து மணிக்குத் தேர்வு என்று பயிற்சியாளர் இருவருக்கும் சொல்லியனுப்பினார். நிவேந்திரன் இவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, நாலு மணிக்கு மாற்றிவிட்டார்கள் என்று கிஷனிடம் சொன்னான். மோகனா பக்கத்தில்தான் இருந்தாள். கிஷன் போய்ச் சேர்ந்தபோது திடலில் யாரும் இல்லை.

இடம் போனதைக்கூட அவள் விட்டிருப்பாள். ஒவ்வொரு பேட்டியிலும் நிவேந்திரன், தன்னைவிட நன்றாக ஆடிய நண்பன் ஒருவன் கடைசி நேரத்தில் பயந்து வரவில்லை என்று சொல்லி வந்தான். மோகனா சொன்ன உண்மையை யாரும் காதில் வாங்கவில்லை. தங்கச்சி அப்படித்தான் பேசுவாள் என்றார்கள். சுங்கை ஊடாங்கில் எண்ணெய் லாரி ஓட்டும் கிஷனை மற்ற டிரைவர்கள் பயந்தாங்கொள்ளி என்று கூப்பிடுவார்கள். அவன் சிரித்துக்கொள்வான்.

நாலு நாள் வரைந்தாள். முறுக்கு மீசை, பிதுங்கிச் சிவந்த கண், இடது கையில் பந்து, வலது கையில் அருவாள். செம்பனை மரங்கள் அவன் முழங்காலுக்குக் கீழே நின்றன. தோட்டத்து முனியாண்டி சாமி நிற்பதுபோலவே ஒரு கால் முன்னால். பேர் எங்கே என்று வீரமுத்து கேட்டார். பேர் போட்டால் எடுபடாது என்றாள். அந்தத் தோட்டத்து ஆட்களை அவளுக்குத் தெரியும். அருவாளும் மீசையும் இருந்தால் சும்மா பார்த்துவிட்டுப் போகமாட்டார்கள்.

சனிக்கிழமை பன்னிரண்டடி உயரத்தில் படத்தைக் கட்டினார்கள். வந்தவர்களில் முனியாயி அக்காதான் முதலில் செருப்பைக் கழற்றினாள். எலுமிச்சம்பழம் அறுத்து வைத்தாள், தட்டில் சூடம் ஏற்றினாள். சிரித்தவர்களும் ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றினார்கள்.

நிவேந்திரன் படத்துக்கு முன்னால் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டான். பிறகு மைக்கை வாங்கி வழக்கமான கதையை ஆரம்பித்தான். பயந்துபோன நண்பன் வரும் இடத்தில் மோகனா எழுந்தாள்.

“சூடம் எரியுது லா. அது மேல கைய வச்சிச் சொல்லு. கிஷன் பயந்துதான் வரலையா?”

வீரமுத்து அவளை உட்காரச் சொன்னார். முனியாயி தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே அவன் முன்னால் போனாள்.

“நெசந்தானே தம்பி, அடிச்சிச் சொல்லிட்டுப் போயேன். என்னா இப்ப?”

ஆறரை அடி ஆள். கை எழவில்லை. சூடம் அணையப் பார்த்தது, முனியாயி இன்னொரு கட்டி போட்டாள்.

“பத்து மணின்னு எனக்குத் தெரியும்,” என்றான் மைக்கில். “நான்தான் நாலுன்னு சொன்னேன்.”

முன்வரிசையில் அவன் அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். மோகனா இதற்கும் சேர்த்துத்தான் காத்திருந்தாள். பார்வையை எடுக்காமல் பார்த்தாள்.

பின்னாலிருந்து கிஷன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். ஓங்கி ஒன்று வைப்பான் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கிஷன் கை நீட்டினான். நிவேந்திரன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதான்.

“சரி விடுறா. சின்ன வயசு அப்ப,” என்றான் கிஷன். “வா, சாப்பிடு.”

மோகனாவுக்குக் கை பரபரத்தது. அண்ணனை அறைய வேண்டும் போலிருந்தது.