ஐஸ் பெட்டிக்குள் ஜெபக்குமாரின் கை

திருத்தணியில் எங்கே காங்கிரீட் உடைக்கிற சத்தம் கேட்டாலும் அது எங்கள் ஜெபக்குமார்தான். பதினோரு வருஷமாக பிரேக்கர் மெஷினைக் கட்டிப்பிடித்து நிற்கிற ஆள். மெஷின் நின்றாலும் கை நிற்காது. டீயில் பாதி சட்டைக்குத்தான். போன வருஷத்திலிருந்து இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. குளிர்ச்சி பட்டால் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும். அதிர்வில் ரத்த ஓட்டம் கெட்டுவிட்டது, மெஷினையும் பீடியையும் விடு என்றார் டாக்டர். இவன் டாக்டரிடம் போவதை விட்டான்.

முப்பத்து நாலு வயதில் ஒரு சம்பந்தம் வந்தது. கே.ஜி.கண்டிகை பிரிஸில்லா. பார்த்ததுமே இவனுக்குப் பிடித்துவிட்டது. அங்கே ஜில்லென்று கலர் பாட்டில் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல வாயில்லையா? இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசடு வழிந்தான். பெண்ணின் அம்மா தபிதாள் விரல்களைப் பார்த்துவிட்டாள். வெண்குஷ்டத்தை மறைக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டாள். அது ஒட்டுகிற நோயில்லை என்றெல்லாம் அவளிடம் பேச முடியாது.

இவன் போனில் கெஞ்சியதில், மறுநாள் மகளோடு நாங்கள் ரோடு உடைக்கிற இடத்துக்கே வந்தாள். உச்சி வெயில். இவனுடைய பத்து விரலும் கன்னங்கரேல்.

"சாயம் பூசிகினு வந்து நிக்கிறியா?" முந்தானையை நனைத்துத் தேய்த்தாள். கை சூடேறியதுதான் மிச்சம்.

"இல்லீங்க அத்தே. குளுந்தாதான் வெளுக்கும், சூடானா போய்டும்."

"யாராண்ட கத வுடற?"

இவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. எதிரே இருந்த ஜூஸ் கடை ஐஸ் பெட்டியில் இரண்டு கையையும் விட்டான்.

"பாவா, அது ஜூஸுக்குப் போடற ஐஸுப்பா!" என்று கடைக்கார நாகேந்திரன் அலறினான். காவடி பார்க்கிற மாதிரி கூட்டம் கூடிவிட்டது. வெளுத்த விரல்களை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஜெயித்தவன் போலத் தபிதாளிடம் நீட்டினான். எனக்கு ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. கெட்டுப்போன கையை மெடல் மாதிரி காட்டுகிறானே!

அம்மாவைத் தாண்டி முன்னால் வந்து பிரிஸில்லா கேட்டாள்: "வலிக்குதா?"

பதினோரு வருஷத்தில் யாரும் அவனை அப்படிக் கேட்டதில்லை. நானும்தான். "ஆங்" என்றவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

நடுரோடு என்றும் பார்க்காமல் அவன் கைகளைத் தன் கைகளுக்குள் பொத்திக்கொண்டாள். "மெஷின வுட்டாதான் கல்யாணம்."

"வுட்டுட்டேன்."

"பீடி?"

யோசித்தான். அவள் பிடி தளர்ந்தது.

"அதையும்தாங்க!"

மறுபடி இறுக்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தபிதாள் சொன்னாள்: "அதான் கறுப்பாய்ட்சே, இன்னும் இன்னாத்துக்குடி புட்சிகினு நிக்கிற?"